“எனக்குச் சரியாயிருச்சு மிஸ்!”

“எனக்குச் சரியாயிருச்சு மிஸ். இனி வரத் தேவையில்லதானே?”

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் சகோதரி ஒருவர், இரண்டாவது தடவையாக என் முன்னால் அமர்ந்தபோது சிரித்த முகத்தோடு சொன்ன வார்த்தைகள் இவை. அவருக்கு வயது 34. இரண்டு பிள்ளைகள். கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்பவர். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். வரும்போது குடியும் சண்டையும் கூடவே வரும். அப்படியொரு சண்டைக்கு மறுநாள்தான் அவர் மருந்து குடித்து வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். உயிர் தப்பியது. அங்கிருந்துதான் எங்களிடம் அனுப்பிவைத்தார்கள்.

முதல் நாள் அவர் அதிகம் பேசவில்லை. கடைசிப் பத்து நிமிடமும் அழுதார். “இதையெல்லாம் யாருகிட்டயும் சொன்னதில்ல மிஸ்” என்றார். அடுத்த வாரம் தலை வாரி, பூ வைத்து, நல்ல சேலை உடுத்தி வந்தார். இரவில் தூங்கியதாகவும் சொன்னார். எனக்கும் பெரிய சந்தோஷம். வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதி அவருடைய கோவையை மூடிவிட்டேன்.

ஆறு வாரங்கள் கழித்து ஒரு மாலை நேரத்தில், நீர்த்தேக்கக் கரையில் தனியாக உட்கார்ந்திருந்த அவரை அவருடைய தங்கை கண்டு அழைத்து வந்தார். அந்தச் செய்தி கேட்ட இரவு நான் தூங்கவில்லை. முதலில் கிடைத்த ஆறுதலைச் சுகம் என்று நினைத்துவிட்டேன். அதுதான் நான் விட்ட பிழை.

உளவளத்துணைக்கு வருபவர்கள் எப்படி மாறுகிறார்கள், எப்போது ‘சுகம்’ என்று சொல்லலாம் என்பதை அந்தப் பிழையிலிருந்துதான் நான் கற்கத் தொடங்கினேன். வாசக சகோதரிகளில் பலர் வீட்டில் ஒருவரை, அல்லது தம்மையே, இந்த நிலையில் கண்டிருக்கக்கூடும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இங்கே வருபவர்களை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

துணைநாடி என்பவர் யார்?

எங்கள் துறையில் ‘நோயாளி’ என்று சொல்வதில்லை. ‘துணைநாடி’ என்கிறோம். துணையை நாடி வருபவர் என்று பொருள். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களிலேயே இத்தகைய ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். வழியைத் தேடிக் கண்டுபிடிப்பவர் வருபவரே, நாம் கூட நடப்பவர்கள் மாத்திரமே என்பது அவருடைய எண்ணம்.

ஆனால் தோட்டத்தில் யாரும் “மனசு சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, கைகால் அசதி, வயிற்றெரிவு என்றுதான் வருவார்கள். தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குப் போய் வெள்ளைக் குளிசை வாங்கியிருப்பார்கள். கோயிலில் நூல் கட்டியிருப்பார்கள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. கஷ்டம் வந்தவர் தெரிந்த கதவைத்தான் முதலில் தட்டுவார். எங்கள் கதவு பெரும்பாலும் கடைசிக் கதவு.

அங்கே வருவதும் சுலபமல்ல. வேலை நாளில் வந்தால் அரைப்பேர் போகும். லயத்தில் ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் ‘நூறு ஆயுசு’ என்பார்கள். அப்படியிருக்க இரகசியம் எங்கே? ‘பைத்தியத்துக்கு மருந்து எடுக்கிறா’ என்ற பேச்சு அன்று மாலையே மலை முழுக்கப் பரவிவிடும். ஆகவே நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில், பூட்டியிருக்கும் பிள்ளைக் காம்பராவைத் திறந்து அங்கே சந்திக்கிறோம். பிள்ளை விஷயமாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வரலாம் அல்லவா?

மூன்று படிகள்

அமெரிக்காவில் கென்னத் ஹோவர்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1986 ஆம் ஆண்டில் ஒரு கணக்குப் பார்த்தார்கள். அதற்கு முந்திய சுமார் 30 வருடங்களில் உளச்சிகிச்சை பெற்ற 2,400 பேருக்கு மேற்பட்டவர்களின் தகவல்களை ஒன்றுசேர்த்தார்கள். வாரம் ஒருமுறை என்று 8 தடவைகள் வந்ததும் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. 26 தடவைகளில், அதாவது ஆறு மாதங்களில், நூற்றுக்கு 75 பேர் முன்னேறியிருந்தார்கள்.

1993 இல் அதே குழுவினர், அந்த மாற்றம் ஒரு வரிசையில் வருகிறது என்று எடுத்துக்காட்டினார்கள். முதலில் மனத்தில் ஒரு நம்பிக்கை துளிர்க்கிறது. ‘எனக்கும் ஒரு வழி உண்டு, கேட்க ஒரு ஆள் உண்டு’ என்ற உணர்வு. இது சில நாட்களிலேயே வந்துவிடலாம். இரண்டாவதாக, நித்திரையின்மை, பயம், ஓயாத அழுகை போன்ற குறிகள் குறைகின்றன. அதற்குச் சில மாதங்கள் செல்லும். மூன்றாவதாகவே வாழ்க்கை மாறுகிறது. வேலை, பிள்ளை, கணவன், அயலார் என்ற உறவுகளில் நாம் பழகும் விதம் மாறுவதற்கு இன்னும் அதிக காலம் வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு என் முதல் பிழை விளங்கியது. அந்தச் சகோதரி பூ வைத்துக்கொண்டு வந்த நாள், அவர் முதலாம் படியில் கால் வைத்த நாள். நானோ அவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று எண்ணினேன். கணவரின் குடி அப்படியே இருந்தது. கடன் அப்படியே இருந்தது. சண்டை வந்தால் என்ன செய்வது என்று அவர் யோசித்துப் பார்த்திருக்கவுமில்லை. மாத முடிவில் கணவர் வந்தார். துளிர்த்த நம்பிக்கை ஒரே இரவில் கருகிவிட்டது.

“பேசப் பேசக் கூடிப்போச்சே!”

நடுப்படியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அங்கேதான் பலர் இடையில் நின்றுவிடுகிறார்கள்.

இன்னொரு சகோதரி மத்திய கிழக்கு நாடொன்றில் 5 வருடங்கள் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து திரும்பியவர். போகும்போது கடைசி மகளுக்கு ஒரு வயது. திரும்பி வந்தபோது அந்தப் பிள்ளை பாட்டியைத்தான் ‘அம்மா’ என்றது. அவர் முதல் மூன்று தடவைகளும் பணம், வீடு, பிள்ளை பற்றியே பேசினார். நான்காவது தடவைதான், தாம் வேலை செய்த வீட்டில் அறைக்குள் பூட்டப்பட்டிருந்த நாட்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்த வாரம் கெட்ட கனவுகள் கூடின. சமைக்கும்போதும் கண்ணீர் வந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அவருடைய மாமியார்தான் வந்தார்.

“என்னா மிஸ், இங்க வரமுந்தி ராத்திரியில மட்டுந்தான் அழுதா. இப்ப பகல்லயும் அழுவுறா. பேசப் பேசக் கூடிப்போச்சே! இனி அனுப்பமாட்டேன்.”

அந்த அம்மாவை உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்தேன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. “அம்மா, கவ்வாத்து வெட்டின மலையப் பாத்திருக்கீங்கதானே? வெட்டின அடுத்த வாரம் அந்த மலை எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். அவர் 30 வருடம் மலையில் நின்றவர். “குச்சி குச்சியா, செத்த மாதிரி” என்றார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, எத்தன நாளைக்கு?” என்று கேட்டார்.

அடக்கி வைத்த துக்கம் வெளியே வரும்போது சில காலம் நோவு கூடுவது உண்டு. ஆனால் சும்மா கூடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. என் பங்கிலும் அவசரம் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். மூச்சை ஆறுதலாக இழுத்து விடுவது, இரவில் கனவு கண்டு விழித்தால் எழுந்து முகம் கழுவி, ‘நான் இப்போது என் வீட்டில் இருக்கிறேன்’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது போன்ற பழக்கங்களை முதலில் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். பிறகு அவற்றைச் செய்தோம். பழைய கதையைச் சிறிது சிறிதாக, அவர் தாங்கும் அளவுக்கே பேசினோம். மகளோடு தினமும் 15 நிமிடம், தலை வாரிவிடுவது போல ஏதாவது ஒரு சிறு வேலை என்று தீர்மானித்தோம்.

ஒன்பதாவது வாரம் மாமியார் மறுபடியும் வந்தார். இம்முறை ஏச வரவில்லை. “மிஸ், இன்னிக்கு ஸ்கூலுக்குப் போறப்ப சின்னது எங்கிட்ட சீப்பக் குடுக்கல. அவ அம்மாகிட்டக் குடுத்துச்சு” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாய் கூடுவதும் ஒரு அடையாளம்

முதல் சகோதரிக்கு வருவோம். கரையிலிருந்து அழைத்துவரப்பட்ட பின்னர் அவர் 5 மாதங்களில் 14 தடவைகள் வந்தார். இம்முறை ஒவ்வொரு நாளும் ஐந்து கேள்விகளை நான் தவறாமல் கேட்டேன். நித்திரை எப்படி? சாப்பாடு எப்படி? இந்த வாரம் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள்? யாரோடாவது மனம்விட்டுப் பேசினீர்களா? சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா?

கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் பயப்படுகிறார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே புகுத்திவிடுவோம் என்று நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நேராகவும் அன்பாகவும் கேட்டால், தனியாகச் சுமந்ததை இறக்கிவைக்க அவருக்கு ஒரு இடம் கிடைக்கிறது.

ஒன்பதாவது தடவைக்குப் பிறகு தீபாவளி வந்தது. தீபாவளி முற்பணத்தில் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கியது போக மிஞ்சியதைக் கணவர் கேட்டார். சண்டை வந்தது. அந்தப் பழைய எண்ணமும் வந்தது. ஆனால் நாங்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தபடி, அவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அடுத்த லயத்திலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்ப் படுத்தார். காலையில் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “வந்துச்சு மிஸ். ஆனா நான் போகல” என்றார்.

அன்றுதான் நான் என் குறிப்பேட்டில் நம்பிக்கையோடு ‘முன்னேற்றம்’ என்று எழுதினேன். கெட்ட எண்ணம் ஒருபோதும் வராமலிருப்பது சுகம் என்று நான் முன்பு எண்ணியிருந்தேன். அது வந்த நேரத்தில் அவர் என்ன செய்தார் என்பதைப் பார்க்கவேண்டும் என்று அவர்தான் எனக்குக் கற்பித்தார்.

இவ்வளவுக்கும் அயலார் சொன்னது என்ன தெரியுமா? “முந்தி நல்ல அமைதியான புள்ள. அந்த மிஸ்கிட்டப் போய் வாய் கூடிப்போச்சு” என்றார்கள். கணவரிடம், “குடிச்சிட்டு வந்தா உங்க அண்ணன் வீட்டுல படுங்க” என்று அவர் சொல்லியிருந்தார். சம்பளத்தை எண்ணித் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். அமைதியாக இருந்த பெண் ‘இல்லை’ என்று சொல்லப் பழகினால் வீட்டாருக்கு அது வருத்தம்போலத் தெரிகிறது. பல பெண்களின் விடயத்தில் அதுவே சுகத்தின் அடையாளம்.

லயம் மாறாமல் மனம் மாறுமா?

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். மலையகப் பெண்ணின் துன்பத்துக்குக் காரணம் அவள் மனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1948 இல் பறிபோன பிரஜாவுரிமை, பரம்பரை பரம்பரையாக ஒரே காம்பராவில் அடைபட்ட வாழ்வு, கால்வயிற்றுச் சம்பளம், ஆண்களின் குடி என்று காரணங்கள் வெளியே வரிசையாக நிற்கின்றன. அப்படியிருக்க ஒருத்தியை உட்காரவைத்துப் பேசி, இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளப் பழக்குவதா? இந்தச் சந்தேகம் எனக்கு நெடுநாள் இருந்தது.

துணைநாடிகளே அதற்குப் பதில் தந்தார்கள். உண்மையில் முன்னேறியவர்கள் யாரும் முன்பைவிட அதிகமாகப் பொறுத்துக்கொள்ளவில்லை. மனச்சோர்வில் கிடக்கும்போது கூரை ஒழுகினாலும் கேட்கத் தோன்றாது. எழுந்தவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஒருவர் பிரதேச செயலகத்துக்குப் போனார். ஒருவர் மகனை மீண்டும் பாடசாலையில் சேர்த்தார். நம் முதல் சகோதரி, 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதை அறிந்துவைத்துக்கொண்டார். “இப்ப வேணாம். ஆனா இருக்குன்னு அவருக்கும் சொல்லிட்டேன்” என்றார். அடிப்பவரை நிறுத்துவது உளவளத்துணையின் வேலையல்ல. சட்டத்தின் வேலை. அந்தச் சட்டத்தின் வாசல் வரை நடக்கக் கால்களுக்குப் பலம் வேண்டுமே, அந்தப் பலத்தைத்தான் இங்கே தேடுகிறோம்.

பாட்டிமாரின் வாங்கு

‘இதெல்லாம் பெரிய டொக்டர்மார் உள்ள நாடுகளுக்குத்தான் சரி’ என்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள்.

பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில், வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுக்கு ஆளான கர்ப்பிணிகளையும் தாய்மாரையும் சந்திக்க வைத்தார்கள். 2008 இல் முடிவு வெளியானது. 903 தாய்மார் பங்குபற்றினர். குழந்தைக்கு 6 மாதமானபோது, பயிற்சி பெற்றவர்கள் சந்தித்த தாய்மாரில் நூற்றுக்கு 23 பேருக்கே மனச்சோர்வு மிஞ்சியிருந்தது. வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 53. அந்த ஊழியர்கள் நமது குடும்பநல மாதுக்களைப் போன்றவர்கள்தான்.

ஆபிரிக்காவின் சிம்பாப்வேயில், டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர் 2006 இல் பாட்டிமாரை வைத்து ஒரு சேவையைத் தொடங்கினார். மருந்தகத்து முற்றத்தில் ஒரு மர வாங்கு. பயிற்சி பெற்ற பாட்டி அதில் அமர்ந்து, வருபவரின் கதையைக் கேட்டு, ஒரு பிரச்சினையைத் தெரிவுசெய்து அதற்கு வழி தேட உதவுவார். மொத்தம் 6 தடவைகள். 573 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2016 இல் வெளிவந்தது. ஆறு மாதங்களின் பின், வாங்கில் அமர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேரிடமே மனச்சோர்வு காணப்பட்டது. மற்றவர்களில் 50 பேரிடம் காணப்பட்டது. அந்நாட்டு மக்கள் இந்த வருத்தத்துக்கு வைத்துள்ள பெயரின் பொருள் ‘அதிகம் யோசித்தல்’. நம் தோட்டத்துப் பெண்களும் “ஒரே யோசனையா இருக்கு மிஸ்” என்றுதானே வருகிறார்கள்!

பேச்சு மட்டும் போதாத இடம்

எல்லோரும் பேசுவதால் மட்டும் சுகப்படுவதில்லை. பிரசவத்துக்குப் பின் சாப்பிடாமல், தூங்காமல், காதில் குரல் கேட்பதாகச் சொன்ன ஒரு இளம் தாயை நான் ஒருநாள்கூட வைத்திருக்கவில்லை. அன்றே வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். மருந்தும் ஓய்வும் கிடைத்து அவர் தேறினார். அதன் பிறகே பேசினோம். மருந்து எடுப்பது தோல்வியல்ல. நாலைந்து தடவை வந்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால், வழியை மாற்றவேண்டும் அல்லது வேறொருவரிடம் அனுப்பவேண்டும். அதைத் துணைநாடி கேட்கலாம். கேட்பது அவருடைய உரிமை.

நம் நாட்டில் 1995 இல் இலட்சத்துக்கு 47 பேர் என்ற அளவுக்குத் தற்கொலைகள் நடந்தன. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. பிறகு அது வெகுவாகக் குறைந்தது. கடும் நச்சுள்ள பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது அதற்கு முக்கிய காரணம். ஆகவே இன்று அந்த நிலையிலிருந்து பலர் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் குற்றமுமல்ல. பொலிஸுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. உயிர் மிஞ்சியது. அந்த உயிருக்கு வாழ வழி காட்டும் பொறுப்பும் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

வீட்டார் செய்யக்கூடியவை

உங்கள் வீட்டில் ஒருவர் உளவளத்துணைக்குப் போகிறாரா? “என்ன பேசினாய்?” என்று துருவிக் கேட்காதீர்கள். இரண்டு தடவையில் சிரித்துவிட்டால் நிறுத்திவிடாதீர்கள். நடுவில் அழுகை கூடினாலும் உடனே நிறுத்தாதீர்கள். உளவளத்துணையாளரிடம் வந்து கேளுங்கள். சாப்பாடு, நித்திரை, பிள்ளையோடு பேசும் விதம் போன்ற சிறிய மாற்றங்களை முதலில் காண்பவர் நீங்கள்தான். கண்டால் அதை அவரிடம் சொல்லுங்கள். தம் முன்னேற்றம் அவருக்கே கடைசியில்தான் தெரியவரும்.

பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரையும் வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவையும் நாடலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும், வன்முறைக்கு ஆளாகும் பெண்கள் 1938 என்ற இலக்கத்துக்கும் தொலைபேசியில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம். தனியே விடாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பதினான்காவது தடவை, பிரியும் நேரத்தில் அந்தச் சகோதரியிடம் நான் விளையாட்டாகக் கேட்டேன்: “என்ன அக்கா, சரியாயிருச்சா?”

அவர் இம்முறை அவசரப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

“சரியாயிருச்சுன்னு சொல்லமாட்டேன் மிஸ். சரியில்லாத நேரம் என்னா செய்யணும்னு தெரியுது.”

எழுந்து, பிள்ளைக் காம்பராவின் ஜன்னல்களை அவரே சாத்தினார். திங்கட்கிழமை அந்த இடத்தில் பிள்ளைகள் இருப்பார்கள், அவர் மலையில் இருப்பார். நான் அவருடைய கோவையை மூடினேன். மூன்று மாதத்தில் ஒருமுறை பார்க்க வருவதாகவும் அதில் எழுதிக்கொண்டேன்.